கதர்த் துண்டுக்குள் ஓர் ஆய்விதழ்

விதிகளை எழுதுகிறவன், அவை நடைமுறைக்கு வரும் நாளில் ஊரில் இருக்கக் கூடாது. அரசாங்கத்தில் எல்லோரும் இதை அறிந்தே வைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, அது கீழே வந்து சேர்வதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். எனக்கு அந்த ஞானம் தாமதமாக வந்தது. நான் எழுதிய விதிகள் அரங்கேறிய அன்று நானே மேடையில் நின்றிருந்தேன். தோளில் கஞ்சி போட்ட கதர்த் துண்டு, ஒரு முழத் தூரத்தில் மைக், எதிரே மூன்று கல்லூரிகளிலிருந்து திரண்ட கூட்டம். என் வலது கைச் சுண்டுவிரல் இன்றுவரை நேராக நிற்பதில்லை. (டாக்டர்கள் கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுவேன். வேறு என்னதான் சொல்வது?)

எழுபதுகளின் பிற்பகுதி. மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளியல் விரிவுரையாளராக இருந்தேன். தகுதிகாண் பருவம். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், அடுத்த ஆட்சிக் குழுக் கூட்டத்துக்குள் என் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. நல்ல வேளையாக என்னிடம் ஒரு கட்டுரை இருந்தது. மேலூர் மாட்டுச் சந்தையைப் பற்றியது.

அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் தன் தோள் துண்டை எடுத்து விற்பவரின் கைமேல் போடுவார். துண்டுக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எப்படிப் பிடித்தார் என்பதில் விலை அடங்கியிருக்கும். பிறகு வாங்குபவரிடம் போய் அதே துண்டு, அதே பிடி. சுற்றி நிற்கிறவர்களுக்கு யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன விலை என்பது தெரியாது. மாடு போகாவிட்டாலும் மாட்டுக்காரருக்குத் தலைகுனிவு இல்லை. இதையெல்லாம் வெயிலில் உட்கார்ந்து, சாணி மிதித்து, ஒரு காளையிடம் முட்டும் வாங்கி எழுதி, லண்டனில் வெளிவரும் ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன்.

ஓராண்டுக்கு மேல் கழித்துப் பதில் வந்தது. பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஒருவர் மூன்று குறைகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, மேலூர் எங்கே இருக்கிறது, வரைபடம் இணைக்கவும். இரண்டு, முடிவுகள் உள்ளூர் ஆர்வத்துக்கு மட்டுமே உரியவை. மூன்று, மொழியை அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தவும். இவற்றைச் செய்தால் மீண்டும் பார்க்கலாமாம்.

அந்த இதழை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் முட்டை விற்பதைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. வரைபடம் இல்லை. அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. முட்டை விற்பது உலகக் கோட்பாடு. மாடு விற்பது உள்ளூர்ச் சங்கதி.

கொதித்துப்போய்க் கல்லூரி வாசல் டீக்கடைக்கு வந்தேன். அங்கே என் நண்பன் இப்ராகிம் பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வரலாற்றுத் துறை, பழைய நகரத்துக்காரன், உலகத்தில் எதற்கும் கொதிக்காதவன்.

"ஒரு மேப்பு தானே மாப்ள கேக்குறான்? போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றான்.

"அவன் முட்டைக்கு மேப்பு போட்டானாய்யா?"

"அவன் முட்டை, அவன் பத்திரிகை. உனக்கு என்ன வந்துச்சு?"

"அதான் விசயமே. நமக்குன்னு ஒரு பத்திரிகை இல்ல. நம்ம ஊர் மாட்டப் பத்தி நாம எழுதினத, நம்ம ஊரையே பாக்காத ஒருத்தன் சரியா தப்பான்னு சொல்றான். இதுக்குப் பேரு சுதந்திரமா?"

"வடைய எடுத்துக்க. ஆறிப்போச்சு."

வடையைத் தின்றேன். கொதிப்பு அடங்கவில்லை. அன்றே லண்டனுக்குக் கடிதம் எழுதினேன். 'காலனி ஆட்சி முடிந்த செய்தி தங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என அறிகிறேன். என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.' பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். (ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதாக இருந்தாலும் ஒப்புகை அட்டை முக்கியம்.) அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. வேறு பதில் வரவில்லை. சாம்ராஜ்யம் அதிர்ந்ததாகவும் தகவல் இல்லை.

ஆக, இருந்த ஒரே கட்டுரையை நானே பிடுங்கிக்கொண்டேன். ஆட்சிக் குழு கூட ஐந்தாறு மாதங்கள்தான் இருந்தன. சொந்தமாக ஓர் ஆய்விதழ் தொடங்கி, அதில் என் கட்டுரையைப் போட்டால் நான் விரிவுரையாளர். இல்லாவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

'ஆய்வுச் சந்தை' என்று பெயர் வைத்தேன். தமிழில் ஆய்வு, தமிழில் மதிப்பீடு, எல்லாம் நம் முறைப்படி. இப்ராகிமின் மாமு கீழவாசல் பக்கம் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும்தான் அவர் தொழில். "முகூர்த்தம் இல்லாத மாசத்துல மெஷின் சும்மாதான் கெடக்கும். அப்ப அடிச்சுத் தாரேன். ஆனா நீங்க எழுதுறதுல ஓரத்துல படம் போட ரோஜாப்பூ பிளாக் எதுவும் வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அவருக்குச் சற்று வருத்தம்.

அடுத்தது கல்லூரி முதல்வரின் அனுமதி. முதல்வர் பெரியகருப்பன் மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். இளமையில் இரண்டு வருஷம் லண்டனில் இருந்தவர். அங்கே வாங்கிய கம்பளிக் கோட்டை, மதுரையில் மார்கழி பிறந்ததும் அணிந்துகொள்வார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே 'குளிருதுல்ல?' என்று எங்களைக் கேட்பார். நாங்களும் ஆமாம் என்போம்.

"நான் லண்டன்ல இருந்தப்ப..." என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "நடத்துங்க. ஆனா எந்தச் சலசலப்பும் வரக் கூடாது. வந்துச்சு, கல்லூரிப் பேரு அட்டையில இருக்காது. கல்லூரிப் பேரு இல்லாத பத்திரிகைய ஆட்சிக் குழு கணக்குல எடுக்காது. புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. உட்கார்ந்து விதிகளை எழுதினேன்.

எனக்கு விதி எழுதப் பிடிக்கும். சிலருக்குக் கர்நாடக சங்கீதம் பிடிப்பதைப் போல. உட்பிரிவு, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று ஒரு வாரம் ஆனந்தமாகக் கழிந்தது. அவற்றில் இரண்டு விதிகளைப் பற்றி எனக்குத் தனிப் பெருமை. முதலாவது: 'இங்கிலாந்தைக் குறிப்பிடும் எந்தக் கட்டுரையிலும் அந்நாடு எங்கே உள்ளது என்பதைக் காட்டும் வரைபடம் இணைக்கப்பட வேண்டும்.' இதை எழுதிய அன்று மதியச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டேன்.

இரண்டாவதுதான் புரட்சி. கட்டுரைகளை மதிப்பிட மேலூர்ச் சந்தை முறை!

இப்ராகிமிடம் விளக்கினேன். "இங்க பாரு. லண்டன்காரன் ஆள மறைச்சிட்டு, தீர்ப்ப வெளிச்சம் போடுறான். மேலூர்ல ஆள வெளிச்சத்துல வச்சிட்டு, தீர்ப்ப மறைக்கிறாங்க. எது நாகரிகம்? அதோட, லண்டன்ல எழுதினவன் வாய மூடிக்கணும். மேலூர்ல மாட்டுக்காரனுக்கும் ஒரு கை இருக்கு. அவனும் விரலப் புடிச்சுப் பேரம் பேசலாம்."

"அதுக்கு?"

"மதிப்பீட்டாளர், கட்டுரையாசிரியர் ரெண்டு பேரும் மேடைக்கு வாராங்க. செயலாளர், அதாவது நான், தரகர். துண்டுக்குள்ள மதிப்பீட்டாளர் விரலப் புடிக்கிறார். முழுக் கையக் குடுத்தா கட்டுரை அப்படியே ஏற்பு. சுண்டுவிரல் மட்டும்னா நிராகரிப்பு. நடுவுல உள்ளதெல்லாம் திருத்தம். அப்புறம் செயலாளர் ஆசிரியர்கிட்டப் போய் அதே மாதிரி..."

இப்ராகிம் தலையில் அடித்துக்கொண்டான். "யா அல்லா. ஒரு மேப்பு போட்டிருக்கலாம்ல மாப்ள?"

படிக்கும்போது யார் எழுதியது என்று தெரியக் கூடாது, பேசும்போது தெரிய வேண்டும் என்பதும் விதி. எனவே வந்த கட்டுரைகளின் பெயர்களை நீக்கி எண் கொடுக்கும் பொறுப்பு இப்ராகிமுக்கு. எந்த எண் யாருடையது என்பதைச் செயலாளருக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது ஆறாம் விதி. தரகர் பேரம் முடியும்வரை கையை விடலாகாது என்பது பதினோராம் விதி. சந்தையில் பாதியில் கையை விட்டால் அவமரியாதை, ஆகவே இங்கும்.

முதல் கூட்டத்துக்கு மூன்று கட்டுரைகள் தேறின. என் கட்டுரையை இரண்டாம் கூட்டத்துக்கு ஒதுக்கினேன். செயலாளரே முதலில் வரிசையில் நிற்பது நன்றாயிராதே! மூன்றாம் கட்டுரை, வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் திருவிழாவின்போது கடை போடும் பெண்கள், எழுத்தோ அதிகாரியோ இல்லாமல் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொள்ளும் முறையைப் பற்றியது. அதை மதிப்பிட வேண்டியவர் மைத்துனன் கல்யாணம் என்று கம்பம் ஊருக்குப் போய்விட்டார். மதிப்பீட்டாளர் வராவிட்டால் செயலாளரே மதிப்பிடலாம் என்று ஒரு விலக்கு எழுதி வைத்திருந்தேன். மேடை, மைக் செட், அழைப்பிதழ் என்று அலைந்த அவசரத்தில், கட்டுரையைப் புரட்டிவிட்டு மூன்று குறைகளை எழுதி இப்ராகிமிடம் கொடுத்தேன். அவன் அதைத் தட்டச்சு செய்து கட்டுரையாசிரியருக்கு அனுப்பினான்.

என்ன எழுதினேன் தெரியுமா? ஒன்று, வண்டியூர் எங்கே இருக்கிறது, வரைபடம் இணைக்கவும். இரண்டு, முடிவுகள் உள்ளூர் ஆர்வத்துக்கு மட்டுமே உரியவை. மூன்று, மொழியைத் தமிழறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தவும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. மதிப்புரை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கை தானாக எழுதியது. நான் பார்த்திருந்த மதிப்புரையே அது ஒன்றுதான்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. கல்லூரி மண்டபம் நிறைந்துவிட்டது. துண்டுக்குள் கட்டுரை பேசப் போகிறார்கள் என்ற செய்தி பரவி, ஆராய்ச்சிக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஜன்னல்களில் மாணவர்கள். உள்ளே இடம் இல்லாதவர்களுக்காக மைக் செட்காரர் வெளியே வேப்பமரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார். ஒரு பக்கம் பெண்கள் கல்லூரி விரிவுரையாளர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, பெரிய மீசை வைத்த ஒருவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆய்வுலகில் எனக்குத் தெரியாத பெரியவர் யாரோ என்று நினைத்து, போகும்போது ஒரு கும்பிடு போட்டேன்.

மேடையில் முதல்வர் கோட்டுடன் வீற்றிருந்தார். மாதம் பங்குனி. விழாவாயிற்றே!

துண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சந்தைத் துண்டு நாள்பட்டது, துவண்டு விழும். நான் கொள்கை பேசிக் கதர்க் கடையில் புதிதாக வாங்கி, சலவைக்குப் போட்டேன். சலவைக்காரர் என் மேல் உள்ள மரியாதையில் கஞ்சியை அள்ளிக் கொட்டியிருந்தார். துண்டைக் கைமேல் போட்டால் அது தொங்கவில்லை. தகரக் கொட்டகையைப் போல விறைத்து நின்றது. இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே நடப்பது நன்றாகத் தெரிந்தது.

முதல் கட்டுரையாசிரியருக்குக் கூச்ச சுபாவம். விரலைத் தொட்டதும், "ஐயோ சார், வேணாம் சார்" என்று நெளிந்து நெளிந்து சிரித்தார். சிறு திருத்தங்களுடன் ஏற்கிறோம் என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் கூட்டம் முழுதும் சிரித்தது. முதல்வர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாமவர் நிதானமான மனிதர். வந்தார், முழுக் கை வாங்கினார், கும்பிட்டுவிட்டுப் போனார். கைதட்டல். முதல்வர் முகத்தில் வெளிச்சம் வந்தது. என் வேலை நிரந்தரமாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

"கட்டுரை எண் மூன்று" என்று மைக்கில் அழைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். கண்ணாடி, கைத்தறிச் சேலை, கையில் என் மதிப்புரை. நேராக மேடைக்கு ஏறி வந்து, "அங்கயற்கண்ணி. வண்டியூர்" என்றார்.

நான் எழுதிய அத்தனை விதிகளையும் மனதில் புரட்டினேன். கட்டுரையாசிரியர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதற்குக்கூட விதி இருந்தது. கட்டுரையாசிரியர் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு இல்லை.

மேடை ஓரத்தில் நின்ற இப்ராகிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன்டா சொல்லல?" என்றேன்.

"விதி ஆறு மாப்ள. நீதான எழுதின?"

விவேகமுள்ள எவனும் அந்த இடத்தில், 'அம்மணி, உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கிறோம்' என்று சொல்லியிருப்பான். நான் விதிக்காரன். ஓர் ஆளுக்காக நடைமுறையை வளைத்தால் நாளைக்கு எல்லோருக்கும் வளைக்க வேண்டும் என்று தோன்றியது. துண்டை நீட்டினேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, துண்டுக்குள் கையை விட்டார். அவரும் விதிக்காரி என்பதை அப்போது நான் அறியவில்லை.

மதிப்பீட்டாளர் என்ற முறையில் நான் கொடுக்க வேண்டியது இரண்டு விரல்; பெரிய திருத்தம். இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் கையை உருவி, என் முழுக் கையையும் பிடித்தார். அப்படியே ஏற்க வேண்டுமாம். நான் மறுபடி இரண்டு விரல். அவர் மறுபடி முழுக் கை. கதர்க் கொட்டகை இப்படியும் அப்படியும் ஆடியது.

பேரம் முற்றும்போது தரகர்கள் கிசுகிசுப்பது வழக்கம். அவரும் கிசுகிசுத்தார். மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்ததை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

"வண்டியூர் எங்க இருக்குன்னு கேட்டது நீங்கதானா?" வேப்பமரத்து ஒலிபெருக்கி இதை ஊருக்குச் சொன்னது.

"வரைபடம் கேக்க விதியில..."

"விதியா கேட்டேன்? வாசல்ல டவுன் பஸ் ஏறினா பதினஞ்சு நிமிசம். தெரியலைன்னா என்கூட வாரீங்களா, காட்டுறேன்."

ஜன்னல்களிலிருந்து விசில் பறந்தது. 'வாரீங்களா, காட்டுறேன்' என்பதை வெளியே நின்ற மாணவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். அந்த ஆரவாரத்தில், மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த மீசைக்காரர் விழித்துக்கொண்டார்.

அவர் ஆய்வுலகப் பெரியவர் இல்லை. மேலூரில் தவிட்டு வியாபாரம் செய்யும் சோலைமலை. அங்கயற்கண்ணியின் தாய்மாமன். பெண் தனியாகக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று வீட்டில் அவரைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். கண் விழித்ததும் அவர் கண்டது, முன்பின் தெரியாத ஒருவன் ஊர் பார்க்க மேடையில் தன் அக்காள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை. மேலே ஒரு துண்டு வேறு.

"ஏய் வாத்தியாரே! கையை விடுய்யா!"

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. பேரம் முடியிற வரைக்கும் விடக் கூடாது. விதி பதினொண்ணு."

"எந்த விதியில்யா பொம்பளப் புள்ள கையப் புடிக்கச் சொல்லிருக்கு? என்னய்யா பேரம்? யாரு வெல பேசுறது?" அவர் மேடையில் ஏறிவிட்டார்.

அங்கயற்கண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாமா, சத்தம் போடாதீக. இவரு ரெண்டு வெரல்ல நிக்கிறாரு. நான் முழுக் கைக்குக் கொண்டுவந்துக்கிட்டு இருக்கேன்."

"என்னாத்தா சொல்ற?"

"உள்ளூர் ஆர்வத்துக்கு மட்டும்னு எழுதிருக்காரு மாமா. மதுரையில உக்காந்துக்கிட்டு மதுரைய உள்ளூருன்னா, இவருக்கு வெளியூரு எது?"

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தன் வீட்டுப் பெண்ணை யாரோ ஏதோ சொல்லிவிட்டான் என்பது விளங்கிவிட்டது. என் சட்டைக் காலரைப் பிடித்தார். நான் பயத்தில் ஒரேயடியாகப் பேரத்தை முடிக்க நினைத்து, ஏதோ ஒரு விரலைப் பிடித்தேன். அது சுண்டுவிரல். நிராகரிப்பு! அங்கயற்கண்ணிக்கு வந்ததே கோபம். பதிலுக்கு என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக ஒரு மடக்கு மடக்கினார்.

"ஆத்தாடீ!" என்று நான் போட்ட சத்தம், வேப்பமரத்து ஒலிபெருக்கி வழியாக, வைகைப் பாலம்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

முதல்வர் எழுந்து நின்று, "ஆர்டர்! ஆர்டர்! நான் லண்டன்ல இருந்தப்ப..." என்று கத்தினார். பெண்கள் கல்லூரிக்காரர்கள் மேடையை நோக்கி வந்தார்கள். மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அப்போது மைக் செட்காரர், எத்தனையோ கூட்டம் கலைந்ததைப் பார்த்த அனுபவசாலி, தனக்குத் தெரிந்த கைகண்ட மருந்தைப் பிரயோகித்தார். தேசிய கீத இசைத்தட்டைப் போட்டுவிட்டார்.

மண்டபம் அப்படியே உறைந்தது. குதித்த மாணவர்கள் குதித்த இடத்தில் விறைப்பாக நின்றார்கள். முதல்வர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். மாமாவும் நேராக நின்றார், என் காலரை விடாமல். அங்கயற்கண்ணி நேராக நின்றார், என் விரலை விடாமல். நானும் நின்றேன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் தேசபக்தி என்று நினைத்திருப்பார்கள். அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு நான் தொடங்கிய இயக்கம், அந்தக் கோலத்தில், அந்த மேடையிலேயே நிறைவுபெற்றது.

கல்லூரிப் பெயர் அட்டையில் வராது என்று முதல்வர் அன்று மாலையே எழுத்தில் தெரிவித்தார். ஆட்சிக் குழு கூடியது. என்னிடம் அச்சான கட்டுரை இல்லை. 'விதிகள் இயற்றுவதில் இவருக்கு உள்ள அசாதாரண நாட்டத்தைக் கருத்தில் கொண்டு' என்னைப் பாடம் நடத்துவதிலிருந்து விடுவித்து, தேர்வுப் பிரிவு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தை எந்த நிற மையில் நிரப்ப வேண்டும் என்று இந்த மாவட்டத்திலேயே என்னைப் போல் சொல்லக்கூடியவர் கிடையாது.

கூட்டம் நடந்த மறுவாரம் சோலைமலை மாமா என் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை வெள்ளை வேட்டி, கையில் பழத்தட்டு. "ஊரே பாத்துருச்சு மாப்ள" என்றார். முந்தின வாரம் 'வாத்தியாரே' என்றவர். எங்கள் இரு குடும்பங்களுக்கும் அழகர்கோவில் வழியில் ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம் இருப்பதையும், அதை இத்தனை நாள் யாரும் கவனிக்காமல் விட்டதையும் ஒரு செம்பு மோர் குடிப்பதற்குள் நிரூபித்துவிட்டார். அப்படி ஓர் ஆய்வை எந்த லண்டன் இதழும் மறுக்க முடியாது.

மேலூரில் மாமா வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. அங்கயற்கண்ணியும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் நல்ல நாள் பேச ஆரம்பித்தபோது, "மாமா, ஒரு பேரம் பாதியில நிக்குது. அதை முடிச்சிட்டு மத்தத பேசுவோம்" என்றாள். என்னிடம் திரும்பி, "என் கட்டுரைய நெசமாவே படிச்சீகளா?" என்று கேட்டாள்.

"புரட்டினேன்" என்றேன். அந்தச் சூழ்நிலையில் பொய் சொல்லத் தைரியம் இல்லை. விரலில் கட்டு இருந்தது.

"எடுத்துட்டுப் போயிப் படிங்க. படிச்சிட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. நிச்சயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நிராகரிப்புன்னா நிராகரிப்புதான்."

படித்தேன். இரண்டு தடவை. திருவிழா நெருக்கடியில், ஒருத்தி கூடையை வைத்துவிட்டு வந்தால் அந்த இடம் கூடைக்காரியுடையது என்பதையும், கூடை இல்லாதவளுக்கு மற்றவர்கள் எப்படி நகர்ந்து இடம் விடுகிறார்கள் என்பதையும் அவள் எழுதியிருந்ததற்கு முன்னால், என் மேலூர்க் கட்டுரை சுமார்தான். அடுத்த வாரம் பஸ் ஏறி வண்டியூருக்குப் போனேன். (பதினைந்து நிமிடம் சரிதான்.) துண்டு கொண்டுபோகவில்லை. முழுக் கையையும் நீட்டினேன்.

'ஆய்வுச் சந்தை'யின் முதல் இதழ் வெளிவந்தது. கல்லூரிப் பெயர் இல்லை. கட்டுரை ஒன்றே ஒன்று, அவளுடையது. இப்ராகிமின் மாமு எங்கள் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்தே அதையும் அடித்தார். அட்டையில் கடைசியில் ஒரு ரோஜாப்பூ பிளாக்கைப் போட்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, ஓர் ஆய்விதழ் என்று கொடுத்தோம். ஒரே நாளில் இத்தனை பேர் கைக்குப் போன பொருளியல் இதழ் உலகத்தில் வேறு இருக்காது. அதில் அதிரசம் மடித்துக்கொண்டு போனவர்களையும் வாசகர்களாகச் சேர்த்தே சொல்கிறேன். கோட்டுடன் வந்திருந்த முதல்வர், "நான் லண்டன்ல கல்யாணத்துக்குப் போயிருக்கேன். அங்க ஜர்னல் குடுக்கல" என்று வாழ்த்தினார்.

பெண்கள் கல்லூரியில் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று கேட்கவில்லை; அதைக் காட்டித்தான் அங்கே அவள் வேலை நிரந்தரமாயிற்று. பிறகு பேராசிரியை ஆனாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் மணமக்கள் கைகோக்கும் நேரத்தில் யாராவது ஒருத்தர் மேலே துண்டை வீசுவார். "மாப்ள, சுண்டுவிரல் பத்திரம்!" என்று இன்னொருத்தர் குரல் கொடுப்பார். சமீப காலமாக என் பேத்தியே துண்டு கொண்டுவருகிறாள். வீட்டில் என் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டாலும், சாவி எங்கே என்று கேட்டாலும், அடுக்களையிலிருந்து ஒரே பதில்தான்: "வரைபடம் இணைக்கவும்!"

என் மேலூர்க் கட்டுரை மட்டும் அச்சேறவே இல்லை. இதழின் ஆசிரியப் பொறுப்பு கல்யாணத்தோடு அவளிடம் போய்விட்டது. கட்டுரையைக் கொடுத்தபோது, மேலூர் எங்கே இருக்கிறது என்று அவளும் எழுதிக் கொடுத்தாள், வேண்டுமென்றே. நானும் வீம்புக்கு வரைய மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு வீம்பு தீர்ந்தது. ஓய்வுபெற்றவனுக்கு வேறு வேலை என்ன? மேலூர்ச் சந்தை, பஸ் நிலையம், அழகர்கோவில் சாலை, எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து, வண்ணப் பென்சிலில் அழகாக வரைந்து, கட்டுரையோடு சேர்த்துத் தைத்து அவள் முன் வைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"மேலூரு நல்லா வந்துருக்கு" என்றாள். பக்கத்தைப் புரட்டினாள். "முதல் பாராவுல இங்கிலாந்துன்னு ஒரு எடத்துல எழுதிருக்கீக. அது எங்க இருக்குன்னு படத்தைக் காணோமே? விதி இருக்குல்ல?"

அவள் கட்டுரையை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள்.